டெல்லி வக்கீலும் தெருவாசலும்

தியாகராய நகரில் எங்களுக்கு இருப்பது மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்குப் பொருந்துகிற நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்போம். லைனிங், ஃபால்ஸ், நூல் எல்லாம் உண்டு. இந்த வியாபாரத்தில் சரக்கைவிட முக்கியமானது வாசல். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரே பச்சையாகத் தெரிகிற இரண்டு துணிகள், வெளியே கொண்டுபோனால் மாமியாரும் மருமகளுமாக ஆளுக்கு ஒரு பக்கம் நிற்கும். அதனால் எந்தப் பெண்ணும் கடைக்குள் வைத்தே துணியை வெட்டச் சொல்ல மாட்டாள். கட்டோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள், புடவை மேல் போட்டு வெயிலில் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி உள்ளே வருவாள். தெருவைப் பார்த்த தரைத்தள வாசல் இருந்தால்தான் அது மேட்சிங் கடை. இல்லாவிட்டால் துணி அடுக்கி வைத்த கிடங்கு.

அந்த வாசலுக்குத்தான் வழக்கு வந்தது. கட்டடம் பழையது. மழைக்காலத்தில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். இடித்துக் கட்டப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். மயிலாப்பூரில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நாங்கள் அசையவில்லை என்றதும் நீதிமன்றத்துக்குப் போனார். அப்பாவுக்குப் பிறகு கடை அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் இருந்ததால் இரண்டு பேருக்கும் சம்மன் வந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எந்தப் பொருளும், எந்த மனிதரும் வெளியூரிலிருந்து வந்தால்தான் மதிப்பு. பல்வலிக்கு வேலூர். முழங்கால் வலிக்குக் கோயம்புத்தூர். ஜாதகம் பார்க்கக் கேரளம். இந்தியாவின் பாதி ஊர்களிலிருந்து வைத்தியத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறி வருகிறார்கள். அவர்களைப் பார்த்து, பாவம், விவரம் தெரியாத ஜனங்கள் என்று சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் அபிராமபுரத்தில் இருந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் எங்கள் வழக்கைக் கொடுத்ததே ஆச்சரியம். அந்த நேரத்தில் வேறு யாரும் அகப்படவில்லை, அவ்வளவுதான். வீட்டின் முன்னறைதான் அவர் ஆபீஸ். ஸ்கூட்டரில் வருவார். முதல் வேலையாகக் கடையைப் பார்க்க வந்தார். வந்தவர் கேஸைப் பற்றிக் கேட்காமல் பையிலிருந்து ஒரு கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்து, இதற்குத் துணி காட்டுங்கள் என்றார். நான் மூன்று கட்டு எடுத்துப் போட்டேன். எல்லாரையும்போலவே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்று தெருவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"சார், இதுதான் உங்க கேஸ்" என்றார். "இடிக்கறதை நம்மால நிறுத்த முடியாது. கட்டடம் நிஜமாவே ஆடுது. புதுசா கட்டினதும் இதே இடம், இதே வாசல், எழுதிக் குடுங்கன்னு கேப்போம். அது கிடைச்சா நீங்க ஜெயிச்ச மாதிரி."

எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "கேப்போமாம்! கேக்கறதுக்கு வக்கீல் எதுக்குலே? நானே கேக்க மாட்டேனா?" என்றார் என்னிடம். அவர் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வக்கீல் அம்மா சமாதான மனு ஒன்றை எழுதி எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்திருந்தார். வீட்டுக்காரரும் அநேகமாகச் சம்மதித்துவிட்டார். அடுத்த வாய்தாவில் கையெழுத்து என்கிற நிலை. அப்போதுதான் பாரிமுனை நீதிமன்றத்து கேன்டீனில் அண்ணன் அந்தக் காட்சியைக் கண்டார். எங்கள் வக்கீல் அம்மாவும் வீட்டுக்காரரின் வக்கீலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பாத்தியாலே? வித்துட்டா. நம்ம கடையை பஜ்ஜிக்கு வித்துட்டா."

பக்கத்தில் வக்கீல் அம்மாவின் குமாஸ்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டார். "இன்னா அண்ணாத்த, உள்ள அட்ச்சிக்கினா வெளியவும் அட்ச்சிக்கணுமா? அப்டி பாத்தா இந்த கேன்டீன்ல ஒரு டீ கிளாஸ் மிஞ்சுமா, சொல்லு" என்றார். அண்ணன் அதற்குள் முடிவு செய்துவிட்டார். மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசினால் அதில் ஏதோ பேரம் இருக்கிறது என்று நம்புகிறவர் அவர். கடையில் நான் வாடிக்கையாளர்களிடம் கொஞ்சம் சிரித்துப் பேசினாலும், என்ன தள்ளுபடி கொடுத்தாய் என்று கேட்பார்.

டெல்லி வக்கீல் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது கொட்டிவாக்கத்தில் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்தில். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், டெல்லியில் ஒரு பெரிய வக்கீலைத் தெரியும் என்றார். அவர் எழுந்து நின்றாலே ஜட்ஜ் நிமிர்ந்து உட்காருவார் என்றார். பாயசம் வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அந்த வக்கீல் எந்த வழக்கில் கெட்டிக்காரர், வாடகை வழக்கு நடத்தியிருக்கிறாரா, எங்கள் ஊர்ச் சட்டம் தெரியுமா என்றெல்லாம் அண்ணன் கேட்கவில்லை. டெல்லி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அபிராமபுரத்துக்குப் போய் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கினோம். ஒரு வக்கீலை மாற்ற வேண்டுமென்றால் பழையவர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேஸ் கட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார். கட்டைக் கொடுக்கும்போது மட்டும், "யார் வர்றாங்க?" என்றார்.

"டெல்லிலேர்ந்து" என்றார் அண்ணன், புதுப்பட்டு உடுத்திய மாப்பிள்ளை மாதிரி.

"நல்லது. இங்க வக்காலத்து யார் போடறாங்க?"

"அவருதான். வேற யாரு?"

"சார், வெளிமாநிலத்து வக்கீல் தாராளமா வந்து வாதாடலாம். ஆனா இங்க பதிவு பண்ணின ஒரு வக்கீல் வக்காலத்து போட்டு அவர்கூட நிக்கணும். அன்னைக்கு ஜட்ஜ்கிட்ட, இவர் இந்தக் கேஸுக்கு மட்டும் வாதாட அனுமதி குடுங்கன்னு கேக்கணும். யாரையாவது ஏற்பாடு பண்ணிக்குங்க. மறந்துடாதீங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் இதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தெருவுக்கு வந்ததும் அண்ணன் சிரித்தார். "தன்னை விட்டா நமக்கு ஆளில்லைன்னு காட்டுறா. சுப்ரீம் கோர்ட்டுலயே பேசுறவருக்கு இங்க யாருலே அனுமதி குடுக்கணும்?"

"அண்ணே, ஒருத்தரை..." என்றேன்.

"நீ துணியைக் கிழி."

டெல்லி வக்கீல் வாய்தாவுக்கு முந்தின நாள் வந்தார். அடையாறு பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கினார். நாங்கள் போய்ப் பார்த்தோம். நல்ல உயரம், வெள்ளைத் தலை, விமான நிலையத்திலேயே பிறந்து வளர்ந்தவர்போல எதையும் அவசரமில்லாமல் பார்க்கிற கண்கள். கேஸ் கட்டை இரண்டு விரலால் புரட்டினார். என்ன வியாபாரம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "டெக்ஸ்டைல்ஸ்" என்றார் அண்ணன். மேட்சிங் என்று சொல்ல அவருக்கு வெட்கம். பெரிய வக்கீலிடம் ரவிக்கைத் துணி என்று எப்படிச் சொல்வது? வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் பத்தாவதுவரை படித்தவன். புது மனிதர்கள் முன்னால் தமிழிலேயே எனக்கு வாய் வராது. ஆங்கிலத்துக்கு எங்கே போவேன்? தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லோக்கல் கவுன்சல்?" என்று கேட்டார் அவர். உள்ளூர் வக்கீல் யார் என்கிறார் என்று எனக்கே புரிந்தது.

"நோ சார். யூ ஒன்லி" என்றார் அண்ணன், பெருமையோடு.

அவர் புருவத்தை ஒருமுறை உயர்த்தினார். பிறகு கைப்பேசி அடித்தது, அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். பெரிய மனிதர்கள் புருவத்தை உயர்த்துவதோடு தங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பார்கள்போல.

மறுநாள் எங்கள் தெருக் கடைக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். வழக்கு பார்க்க அல்ல, வக்கீலைப் பார்க்க. பாத்திரக்கடைக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். எங்கள் வழக்கை அழைத்ததும் டெல்லி வக்கீல் எழுந்தார். பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. ஜட்ஜ் நிமிர்ந்து உட்காரவில்லை. முன்பே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். மரியாதையாக, வந்ததில் சந்தோஷம், யாரோடு ஆஜராகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். டெல்லி வக்கீல் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்கு வக்காலத்து யாரு?" என்று ஜட்ஜ் தமிழில் கேட்டார். பெஞ்ச் கிளார்க் கட்டைப் புரட்டி, பழைய வக்கீல் விலகிவிட்டார், புதிதாக ஒருவரும் இல்லை என்றார். வேனில் வந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

மதியம் மறுபடி அழைப்பேன், அதற்குள் ஒருவர் வக்காலத்து போட்டால் இவர் வாதாட அனுமதிப்பேன், இல்லாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு போட வேண்டியிருக்கும் என்றார் ஜட்ஜ். அந்த உத்தரவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலி செய். வாசலும் கிடையாது, புதுக் கட்டடத்தில் ஒரு மூலையும் கிடையாது.

அண்ணன் வராண்டாவில் கறுப்பு அங்கி தெரிந்த இடமெல்லாம் ஓடினார். டெல்லி வக்கீலோடு கைகுலுக்க ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முகம் தெரியாத கட்சிக்காரருக்குச் சாப்பாட்டு இடைவேளையில் கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. கட்டைப் படிக்க வேண்டாமா, அடுத்த வாய்தாவுக்கு வாருங்கள் என்றார்கள். நியாயம்தான். கடைசியில் அண்ணன் வேர்வையோடு வந்து என் தோளைத் தள்ளினார். "போலே. நீ போய் அவகிட்ட கேளு. உன் மேல அவளுக்குக் கோவம் இருக்காது."

குமாஸ்தா மாடிப்படி அடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார். "வா அண்ணாத்த. உன்ன தான் பாத்துகினு இருந்தேன். அம்மா மேல கீறாங்க, சாப்ட்டுகினு கீறாங்க. போ, போ, கடிக்க மாட்டாங்க."

வக்கீல்கள் அறையில் வக்கீல் அம்மா ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், டெல்லியில வெயில் எப்படி?" என்றார்.

நான் மேஜை பக்கம் போய் நின்றேன்.

"உங்க அண்ணன் கேன்டீன்ல என்னைப் பத்தி என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். என் குமாஸ்தாவுக்கு ரெண்டு காதும் நல்லா வேலை செய்யும்."

"மன்னிச்சுருங்க மேடம்."

"நீங்க எதுக்கு? நீங்கதான் வாயே திறக்கலையே." ஒரு வாய் சாப்பிட்டார். "அதுக்கு வேணும்னா மன்னிப்பு கேளுங்க."

அவர் டப்பாவை மூடினார், கை கழுவிவிட்டு வந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து வக்காலத்துத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வாசல் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் மேடம்."

"அப்போ போடுங்க. அவரையும் வரச் சொல்லுங்க." அண்ணன் வந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், ஏதோ கூரியர்க்காரரிடம் போடுவதுபோலக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மதியம் வக்கீல் அம்மா எழுந்து நின்று அனுமதி கேட்டார். ஜட்ஜ் கொடுத்தார். டெல்லி வக்கீல் ஆரம்பித்தார். அவர் குரல் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வானொலியில் செய்தி வாசித்தால் ஊரே கேட்கும். அரசியல் சட்டம் வந்தது. வாழ்வுரிமை வந்தது. பழங்காலத்துக் கடைவீதிகள் வந்தன. எங்கள் கடை மட்டும் வரவில்லை. இடையில் ஒரு சட்டத்தைச் சொன்னார். ஜட்ஜ் மெதுவாக, அது டெல்லிச் சட்டம் இல்லையா என்று கேட்டார். வக்கீல் அம்மா குனிந்து ஏதோ சொன்னார். டெல்லிக்காரர் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார், ஈயைத் தள்ளுவதுபோல. கடைக்கு எந்தப் பக்கம் வாசல் என்று ஜட்ஜ் கேட்டார். டெல்லி வக்கீல் எங்கள் ஷோரூமின் முகப்பு மிகவும் விசாலமானது என்றார். ஷோரூம்! நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் இடம் பற்றாத கடை.

அதற்குப் பிறகுதான் பேச்சு வீட்டுக்காரர் மேல் திரும்பியது. குமாஸ்தா என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். "ஏழைங்க வயித்துல அட்ச்சவர்னு சொல்றாரு... ஆள வேட்டையாட்ற மிருகம்னு சொல்றாரு. ஐயய்யோ, இன்னா அண்ணாத்த இது?"

எதிர்ப்பக்க பெஞ்சில் பெரியவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

சமாதானத்துக்கு வழியே இல்லையா என்று கடைசியில் ஜட்ஜ் கேட்டார். டெல்லி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால விமானம். "நிச்சயமாக உண்டு" என்றார். இவ்வளவு நேரம் முழங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல. எங்கள் வக்கீல் அம்மா பையிலிருந்து அந்தப் பழைய சமாதான மனுவை எடுத்தார். காலையில் வக்காலத்து இருந்திருந்தால் காலையிலேயே வெளியே வந்திருக்க வேண்டிய தாள்.

வராண்டாவில் பெரியவரைச் சுற்றி நின்றோம். "காலம்பற கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார் அவர். "இவா அப்பா காலத்துலேர்ந்து ஒரு வார்த்தை தடிச்சுப் பேசினது கிடையாது, அவரும் சரி நானும் சரி. இப்போ என்னை மிருகம்ங்கறார். இதை நான் ஆத்துல போய் எப்படிச் சொல்லுவேன்?"

"மாமா, அவர் பொதுவா பேசறவர். உங்களை அவருக்குத் தெரியவே தெரியாது" என்றார் வக்கீல் அம்மா.

"அதைத்தானேம்மா சொல்றேன். தெரியாதவர் எதுக்குப் பேச வரணும்?"

நான் ஒரு அடி முன்னால் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அந்த ஒரு அடிதான். "சார், வாசல் மட்டும் குடுங்க. உள்ள வெளிச்சத்துல கலர் தெரியாது" என்றேன்.

பெரியவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "உன்னை ஒண்ணும் சொல்லலப்பா. உங்களுக்கு இடமே கிடையாதுன்னு சொல்லியிருப்பேன். உன் மூஞ்சிக்காக மாடியில தரேன். கீழ கிடையாது."

மாடி என்றால் முதல் தளம், பின்பக்கம், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். வக்கீல் அம்மா மறுபடி மறுபடி பேசிப் பார்த்தார். பெரியவர் இறங்கவில்லை. அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, முடியவே முடியாது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அப்போது டெல்லி வக்கீல் அங்கியை மடித்துக் கூட வந்திருந்த உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "எக்ஸலண்ட். டேக் இட்" என்றார். அண்ணன் பேனாவுக்குக் கை நீட்டினார். இதையே, வாசலோடு சேர்த்து, அந்த அம்மா நீட்டியபோது துரோகம் என்றவர்.

"சார் சொல்லிட்டாங்கல்ல" என்றார் என்னிடம், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

வெளியே வேனில் வந்தவர்கள் காத்திருந்தார்கள். கார் கதவு மூடும்வரை டெல்லி வக்கீலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அண்ணன் அவர்கள் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு இவர் மட்டும் வரலேன்னா நாங்க தெருவுக்கு வந்திருப்போம். மாடியையே வாங்கிக் குடுத்துட்டார் மனுஷன்!" பாத்திரக்கடைக்காரர் கைதட்டினார்.

குமாஸ்தா என் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். "தெருவுக்கு வந்திருந்தா வாசலாவது கெட்ச்சிருக்கும், இல்ல அண்ணாத்த?" என்றார்.

கட்டடம் எழும்பி நாங்கள் மாடிக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. எங்கள் பழைய இடத்தில் கீழே கைப்பேசி உறை விற்கிறார்கள். இருட்டிலும் விற்கக்கூடிய சாமான். மேலே ஏறி வருகிற பெண்கள், கீழே போய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று துணியோடு இறங்குகிறார்கள். நானும் கூடவே இறங்குகிறேன். அது சரியில்லை என்றால் இன்னொரு கட்டுக்காக ஏறுகிறேன். பெரும்பாலான பெண்கள் நான் திரும்பி வருவதற்குள் தெருவிலேயே வேறு கடையைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் அடுத்த தெருக்காரர் ஒருவர் மூச்சு வாங்க மேலே வந்தார். அன்று காலையில் முதலில் ஏறி வந்தவர் அவர்தான். வீட்டம்மாவின் புடவைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் தட்டிப் போட்டேன். அவர் கையில் புடவை இல்லை. அவர் கடைக்கும் காலி செய்யச் சொல்லி வழக்காம். உங்களுக்கு ஜெயித்துக் கொடுத்தாரே, அந்த டெல்லி வக்கீலின் நம்பர் வேண்டும் என்றார். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காபிக்குச் சொல்லிவிட்டு கைப்பேசியில் தேட ஆரம்பித்தார்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "அபிராமபுரத்துல ஒரு மேடம் இருக்காங்க. ரொம்ப நல்லா பாப்பாங்க" என்றேன்.

வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லோக்கலா?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.